‘யூனிவர்சிட்டி கிடைச்சாச்சு, இனிமே கவலை இல்லை’ என்று சொன்ன அண்ணனுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை இங்கே சிங்கப்பூரில் யீஷூன் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு வரிசையில் நின்றபோது பழைய அண்டை வீட்டுக்காரர் ஒருவரைப் பார்த்தேன். அவருடைய மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, ஆகஸ்டில் வகுப்பு ஆரம்பம். முகமெல்லாம் சிரிப்பு. “யூனிவர்சிட்டி கிடைச்சாச்சு தம்பி, இனிமே நமக்குக் கவலை இல்லை” என்றார். வாழ்த்துச் சொல்லி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. இதே வார்த்தையை ஐந்து வருடத்துக்கு முன் அதே கோயில் வாசலில் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மின்தூக்கிப் பராமரிப்பு வேலை பார்ப்பவன். விஐடிபியில் படித்தவன். இன்றைய தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கு 1992க்கு முன் அதுதான் பெயர். எங்கள் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் என் மகன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் நன்றாகப் படித்தான், பையன்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையை முடித்தான், பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் இருந்த வரைக்கும் அவனுடைய ரிப்போர்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவன் நான், ஆசிரியரைப் போய்ப் பார்த்தவனும் நான். பல்கலைக்கழகத்தில் அந்தக் கையெழுத்தும் இல்லை, பெற்றோர் சந்திப்பும் இல்லை. தேர்வு முடிவு பிள்ளையின் கணக்குக்குத்தான் வரும், எச்சரிக்கை வந்தாலும் அவனுடைய மின்னஞ்சலுக்குத்தான் வரும். அவனைப் பெரியவனாக நடத்துகிறார்கள், அதில் தப்பு இல்லை. ஆனால் நாம் கேள்விப்படுவதெல்லாம் பிள்ளை வாயால் சொல்வது மட்டும்தான் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். கட்டணத்துக்கு, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் என் மத்திய சேமநிதியிலிருந்து கல்விக் கடன் எடுத்திருந்தோம். முதல் அரையாண்டுக்குப் பணம் பிடித்தார்கள். இரண்டாம் அரையாண்டு ஜனவரியில் ஆரம்பித்துவிட்டது, பிப்ரவரியும் முடியப் போகிறது, கணக்கில் எதுவும் பிடிக்கவில்லை. ஏதோ தாமதம் போல என்று நினைத்துத்தான் மகனிடம் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான், அந்த அரையாண்டு முழுக்க விடுப்பு எடுத்திருக்கிறான் என்று. முதல் அரையாண்டில் இரண்டு பாடத்தில் தோல்வி. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் சாப்பாடு டெலிவரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நான் கேட்ட முதல் கேள்வி, “என் காசை என்ன பண்ணினே?” என்பது. அந்த அரையாண்டுக்கு என் காசு ஒரு வெள்ளிகூடச் செலவாகவில்லை, அது தெரிந்தும் அதைத்தான் கேட்டேன். இன்று வரைக்கும் அந்தக் கேள்விக்காக வருத்தப்படுகிறேன். “நீங்க கேக்கும்போதெல்லாம் ஓகேன்னு சொன்னா நிம்மதியா தூங்கப் போனீங்கப்பா. அதை எப்படிக் கெடுக்கறதுன்னு தெரியலை” என்றான்.

ஒரு கெட்டிக்காரப் பிள்ளைக்கு நாலே மாதத்தில் இப்படி ஆகுமா என்று பலர் கேட்பார்கள். ஆகும். அரையாண்டு என்றுதான் பெயர், வகுப்பு நடப்பது ஏறக்குறைய 13 வாரம். நடுவில் ஒரு வாரம் இடைவேளை. முதல் மூன்று வாரம் வகுப்பறையைத் தேடுவதிலும் நண்பர்களைப் பிடிப்பதிலும் போய்விடும், ஆறாவது ஏழாவது வாரத்தில் இடைத்தேர்வு வந்து நிற்கும், அதில் அடி வாங்கிய பிறகுதான் பிள்ளைக்கே விஷயம் புரியும், அதற்குள் பாதி முடிந்திருக்கும். என் மகன் சேர்ந்தது கொவிட் அடங்கிவந்த காலம், விரிவுரைகளில் பாதி கணினியில் பதிவாக இருந்தன. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டது மலையாகக் குவிந்துவிட்டது. போதாக்குறைக்குத் தேசிய சேவையில் இரண்டு வருடம் கணக்கைத் தொடாமல் இருந்துவிட்டு, தொடக்கக் கல்லூரியில் கணிதத்தை ஆழமாகப் படித்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தான். அங்கே வருகிற எல்லாருமே அவரவர் பள்ளியில் முன்னால் நின்றவர்கள். பல பாடங்களில் மற்றவர்களோடு ஒப்பிட்டுத்தான் கிரேடு போடுகிறார்கள், அதனால் யாராவது ஒருவர் கீழே வந்துதான் ஆக வேண்டும். பள்ளியில் ஒருநாளும் கீழே நின்று பழகாத பிள்ளைக்கு அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரிவதில்லை.

பெற்றோர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், இது யாரும் எனக்குச் சொல்லாத கணக்கு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யூஎஸ்) பாடத்தின் கனத்தை யூனிட் என்று அளக்கிறார்கள், 4 யூனிட் உள்ள ஒரு பாடத்துக்கு வாரத்துக்கு 10 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். விரிவுரை, டுடோரியல், ஆய்வுக்கூடம், வீட்டில் படிப்பது எல்லாம் சேர்த்து. அரையாண்டுக்கு இப்படி ஐந்து பாடம் எடுத்தால் வாரத்துக்கு 50 மணி நேரம். நான் வேலை பார்ப்பதைவிட அதிகம். ஆனால் வகுப்பில் உட்காரும் நேரத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் 20 மணி நேரம்கூட வராது. மீதி முப்பது மணி நேரத்தை அவர்களாகவே ஒதுக்க வேண்டும், மணி அடித்து யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிள்ளை வீட்டில் இருந்தால் “வகுப்பு இல்லையா, சும்மாத்தானே இருக்கே, பாட்டியை பாலிகிளினிக்குக் கூட்டிட்டுப் போ” என்று சொல்லிவிடுகிறோம். ஒருமுறை இரண்டுமுறை பரவாயில்லை. வாரா வாரம் என்றால் அந்த முப்பது மணி நேரத்தில்தான் கை வைக்கிறோம். அதேபோல இராத்திரி பதினொரு மணிக்குக் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் அரட்டை என்று நினைக்காதீர்கள். குழுவாகச் செய்யும் வேலை இப்போது நிறைய, ஐந்து பேருக்கும் ஒத்துவரும் நேரம் பெரும்பாலும் அதுதான், அவர்கள் பேசுவதெல்லாம் டெலிகிராமில். நான் இரண்டு முறை அறைக்குள் போய்க் கத்தியிருக்கிறேன், அந்தப் பக்கம் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜிபிஏ விஷயமும் அப்படித்தான். பாடங்களின் கிரேடுகளைச் சேர்த்துப் போடும் சராசரிப் புள்ளி அது. தொழிற்கல்லூரியில் அது 4க்கு. என்யூஎஸ், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (என்டியூ) இரண்டிலும் 5க்கு. மகன் “மூணு வந்திருக்குப்பா” என்று சொன்னால் 4க்கு மூன்றா 5க்கு மூன்றா என்று கேட்கக்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்னொன்று, அந்த இரண்டு பல்கலைக்கழகங்களிலும் குறிப்பிட்ட சில பாடங்களுக்குக் கிரேடைக் கணக்கில் சேர்க்காமல் தேர்ச்சி பெற்றதாக மட்டும் பதிவு செய்துகொள்ளும் வழி இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளை விழுந்து எழுவதற்காகவே வைத்த வழி அது. அதைப் பயன்படுத்துவதை அவமானமாக நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், “ஏன் கிரேடை விட்டுட்டே” என்று திட்டுகிற அப்பா அம்மாவும் இருக்கிறார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். சேமநிதிக் கல்விக் கடன் என்றால் “என் காசு, என் பிள்ளைக்குத் தருகிறேன்” என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பெயரிலேயே இருப்பதுபோல அது கடன். படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு பிள்ளை நம் கணக்கில் அதைத் திருப்பிக் கட்ட ஆரம்பிக்க வேண்டும், அதிகபட்சம் 12 வருடத்துக்குள், சேமநிதிச் சாதாரணக் கணக்கின் வட்டியான 2.5 விழுக்காட்டோடு. அந்த வட்டி பணம் எடுத்த நாளிலிருந்தே ஓடுகிறது. இன்னொரு வழி கல்விக் கட்டணக் கடன். பல்கலைக்கழகம் என்றால் அரசு மானியம் போக நாம் கட்ட வேண்டிய கட்டணத்தில் 90 விழுக்காடு வரைக்கும், தொழிற்கல்லூரி என்றால் 75 விழுக்காடு வரைக்கும் கிடைக்கும். படிக்கிற காலத்தில் வட்டி இல்லை, முடித்த பிறகு வட்டி ஆரம்பிக்கும். எது நல்லது என்பது வீட்டுக்கு வீடு மாறும். நான் அதைப் பற்றி மகனோடு ஐந்து நிமிடம்கூட உட்கார்ந்து பேசவில்லை, படிவத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. தன் தலையில் கடன் ஏறுவது அவனுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. தோற்ற இரண்டு பாடத்துக்கும் சேர்த்துக் கடன் வாங்கியிருக்கிறோமே என்ற எண்ணம்தான் அவனை டெலிவரி வேலைக்குத் துரத்தியது என்று பிறகு சொன்னான்.

கடன் எடுக்கும் முன்பே பார்க்க வேண்டியவையும் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கில் மீதி இருந்த பணம் தானாகவே உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறியிருக்கும், அதைக் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். அரசாங்க உதவிநிதியை வீட்டு மொத்த வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரே முகவரியில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களும் அந்தத் தலைக்கணக்கில் வருவார்கள், அதனால் “நமக்கெல்லாம் கிடைக்காது” என்று பார்க்காமலேயே விட்டுவிடாதீர்கள். சிண்டாவிலும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) கேளுங்கள், வசதி குறைந்த இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்கே உதவிநிதி உண்டு. தங்குவிடுதி வாடகைக்குச் சேமநிதிக் கல்விக் கடன் உதவாது, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். யீஷூனிலிருந்து ஜூரோங் வெஸ்டில் இருக்கும் என்டியூவுக்குப் போக ரயில் ஏறி பூன் லேயில் 179 பேருந்துக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு விடுதி ஆடம்பரம் இல்லை. ஆனால் சில விடுதிகளில் அடுத்த வருடமும் இடம் வேண்டுமென்றால் விளையாட்டு, கலை என்று ஏதாவது நடவடிக்கையில் பங்கெடுத்துப் புள்ளி சேர்க்க வேண்டும், அதற்கும் இரவுகள் போகும். சேரும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பணத்தோடு சேர்ந்த இன்னொரு ஆபத்து. கையில் காசு இல்லாத மாணவனிடம் “உன் வங்கிக் கணக்கை ஒரு வாரத்துக்குக் கொடு, சில நூறு வெள்ளி தருகிறோம்” என்று கேட்க ஆள் இருக்கிறது. டெலிவரி வேலையில் இருந்தபோது என் மகனிடமும் கேட்டார்கள். நல்ல வேளை, மறுத்துவிட்டான். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். கணக்கையோ, அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் விவரத்தையோ இப்படிக் கொடுப்பவர்களுக்கு எதிரான சட்டத்தை 2024 பிப்ரவரியிலிருந்து இன்னும் இறுக்கியிருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பிப்பது இப்போது கஷ்டம். இதைப் பிள்ளையிடம் நேராக, பெயர் சொல்லிப் பேசுங்கள். “கெட்ட சகவாசம் வேண்டாம்” என்று பொதுவாகச் சொன்னால் அவர்களுக்கு இது ஞாபகம் வராது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒன்று மட்டும் மாணவர்களுக்கு. ஒரு பாடத்தில் அனுமதி இருக்கும், பக்கத்துப் பாடத்தில் இருக்காது. எனவே ஒவ்வொரு பாடத்திலும் முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நீங்களே எழுதியது என்று காட்ட உங்கள் வரைவுகளை அழிக்காமல் வையுங்கள்.

இப்போது நான் செய்த பெரிய தப்பு. மகன் முதல் வருடம் சேர்ந்தபோது பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அமைப்பில் நாடகத்துக்கு ஆள் எடுத்தார்கள், போக ஆசைப்பட்டான். “முதல்ல படிப்பு, நாடகமெல்லாம் அப்புறம்” என்று நான் நிறுத்திவிட்டேன். என்யூஎஸ் தமிழ்ப் பேரவையின் சங்கே முழங்கு மேடை நாடகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எழுதுவதிலிருந்து விளக்கு போடுவது வரைக்கும் மாணவர்கள் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று. அதெல்லாம் நேரத்தைத் தின்னும் என்று பயந்தேன். நான் பார்க்காமல் விட்டது அங்கே இருக்கிற அண்ணன்மார், அக்காமாரை. அந்தப் பாடத்தில் போன வருடம் அடி வாங்கி எழுந்தவர்கள் அவர்கள். எந்தப் பேராசிரியரிடம் எப்போது போய்க் கேட்கலாம், எந்தப் பாடத்தை எந்த வாரத்துக்குள் கைவிடலாம், விடுப்பு எடுப்பதற்கு முன் யாரிடம் பேச வேண்டும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். வீட்டில் யாரும் பல்கலைக்கழகம் போகாத பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேறு யார் இருக்கிறார்கள்? நானா? எனக்கு யூனிட் என்றால் மின்சாரக் கட்டணம்தான் தெரியும் அப்போது.

விடுப்பு முடிந்து ஆகஸ்டில் திரும்பிப் போனபோது அவனே போய்ச் சேர்ந்தான். நடிக்கவில்லை, மேடைக்குப் பின்னால் சாமான் தூக்கினான். அங்கே மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர், அவனைப் போலவே ஒரு பாடத்தில் தோற்றவராம், அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பல்கலைக்கழக ஆலோசகரிடம் உட்கார வைத்தார். அந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதுகூட அவனுக்கு முதலில் தெரியவில்லை. அந்தப் பெண்ணை நான் ஒரே ஒரு முறை, நாடகம் முடிந்த இரவில் பார்த்தேன். கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது. “இருக்கட்டும் அங்கிள்” என்று சொல்லிவிட்டுப் பெட்டி தூக்கப் போய்விட்டார்.

மனசு கஷ்டத்தைப் பற்றி நம் வீடுகளில் பேசவே மாட்டோம், அதனால் எழுதுகிறேன். பிள்ளை சாப்பாட்டைக் குறைத்தாலோ, விடிய விடிய விழித்திருந்து பகலெல்லாம் தூங்கினாலோ, பிடித்ததையெல்லாம் விட்டுவிட்டாலோ சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். நானும் அப்படித்தான் கட்டினேன். மனம் உடைந்தவர்களுக்கான எஸ்ஓஎஸ் உதவி எண் 1767, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆர்ச்சர்டில் ஸ்கேப் கட்டடத்தில் சாட் என்ற இளையர் மனநல நிலையம் இருக்கிறது, மனநலக் கழகம் நடத்துவது, 16 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் போகலாம். அங்கே போனால் பைத்தியம் என்று யாராவது சொன்னால், சொல்பவருக்குத்தான் விவரம் போதவில்லை.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அப்பா அம்மாவுக்கு இந்த அமைப்பு தெரியாது, தெரியாததால்தான் கத்துகிறார்கள். ஏழாவது வாரத்தில் சொன்னால் செய்வதற்கு எத்தனையோ இருக்கிறது. தேர்வு முடிவு வந்த பிறகு சொன்னால் குறைவுதான், அப்போதும் சொல்லுங்கள். என் மகன் சொல்லாமல் மறைத்த அந்தச் சில மாதங்கள்தான் தோல்வியைவிட அவனை அதிகமாக உருக்குலைத்தன. நாலு வருடப் படிப்பை நாலரை வருடத்தில் முடித்தான். இந்த ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தான். வேலைக்கு எடுத்தவர்கள் அந்த அரை வருடத்தைப் பற்றிக் கேட்டார்களாம், இருந்ததைச் சொன்னானாம், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்களாம். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள்தான் மூன்று வருடம் அதையே கேட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். என் மனைவிக்கு ஆங்கிலம் ஓரளவுதான் வரும். பொது வரவேற்பு நாளில் கொடுத்த கையேடுகளைப் பிள்ளைதான் மொழிபெயர்த்துச் சொன்னான், எதைச் சொல்ல விரும்பினானோ அதை மட்டும். பல்கலைக்கழகங்களுக்கு ஆகஸ்டுக்கு முன்னால், தொழிற்கல்லூரிகளுக்கு ஏப்ரலுக்கு முன்னால், பெற்றோருக்காகத் தமிழில் ஒரு பக்கம் ஒதுக்க முடியுமா? ஜிபிஏ என்றால் என்ன, யூனிட் என்றால் என்ன, கடன் எப்படி, உதவிநிதிக்குக் கடைசித் தேதி எது, விடுப்பு என்றால் என்ன என்று. படித்து முடித்த நம் பிள்ளைகளே எழுதுவார்கள், பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்களைக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். என் மகன் எழுதத் தயார் என்கிறான்.

என் மகள் அடுத்த மாதம் முதலாண்டு சேர்கிறாள். அவளும் நானும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். இடைவேளை வாரத்தில் ஒரு நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சோங் பாங்கில் பரோட்டா சாப்பிடப் போவோம். அவள் என்ன சொன்னாலும் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. இது அவள் போட்ட நிபந்தனை, அவளுடைய அண்ணன் சாட்சி. வரும் வெள்ளிக்கிழமை கோயிலில் அந்தப் பழைய அண்டை வீட்டு அண்ணனைப் பார்த்தால் இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் கொடுப்பதாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தந்தை,
யீஷூன்